இருமலை அசட்டை செய்யலாகாது

ஆனி பிறந்து குற்றால மலையில் சாரல் இறங்கத் தொடங்கிவிட்டால், இலஞ்சியில் இருமல் சப்தம் கேளாத வீடு அரிது. பழி முழுவதும் ஈரக்காற்றின் மேல் விழுகிறது. உண்மையில் ஜலதோஷத்தை உண்டாக்குவன கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளே. மழைக்கு அஞ்சிக் கதவடைத்த அறையில் பலர் நெருங்கிப் படுப்பதால் அவை எளிதில் பரவுகின்றன.

இருமல் தன்னளவில் ஒரு வியாதியன்று. சுவாசக் குழாயில் சேர்ந்த தூசியையும் கோழையையும் வெளியே தள்ளுவதற்குத் தேகம் கையாளும் உபாயம் அது. ஜலதோஷ இருமல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே தணியும். வெந்நீரும் சுக்குக் கஷாயமும் தொண்டைக்கு இதமளிக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கொடுத்தல் கூடாது. அடுப்புப் புகை, பீடிப் புகை, களத்துத் தூசி, பீடி சுற்றும் பெண்கள் நாள்தோறும் சுவாசிக்கும் புகையிலைத் தூள் ஆகியவற்றாலும் இருமல் உண்டாகும். இரவில் இழுப்புடன் மிகுவது பெரும்பாலும் ஆஸ்துமாவாக இருக்கும். இரத்த அழுத்தத்திற்கு உட்கொள்ளும் சில மாத்திரைகளாலுங்கூட வறட்டிருமல் வருவதுண்டு.

இரண்டு வாரம் கடந்தும் இருமல் நீங்காவிடில், அது க்ஷயரோகமோ என்று சோதித்தறிவது அவசியம். மாலை ஜுரம், இரவு வியர்வை, தேக மெலிவு இவை கூடினால் தாமதம் ஆகாது. பெண்ணுக்கு வரன் தட்டிவிடும், ஊரார் ஒதுக்குவர் என்றஞ்சி மறைப்போர் பலர். அதற்குள் நடவுக்கென்று சங்கத்தில் பெற்ற கடன் மருந்துப் புட்டிகளாகக் கரைகிறது, தவணையும் தவறுகிறது, வீட்டிலுள்ள பிள்ளைகளையும் நோய் தொற்றுகிறது. இத்தனைக்கும் தென்காசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்நோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்!

முற்காலத்தில் இந்நோயாளர் ஊரைவிட்டு அகன்று தங்கவேண்டியிருந்தது. டாக்டர் சௌரி முத்து 1928-ல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் அத்தகையது. பின்னர் 1956-ல் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தார், வீட்டிலிருந்தே மருந்துண்போர் சானடோரியத்தில் இருப்போரைப் போலவே குணமடைவதை 1959-ல் மெய்ப்பித்தனர். உலகமே அம்முறையைக் கைக்கொண்டது. இன்று சாதாரண க்ஷயத்திற்கு ஆறு மாத மருந்து போதும். இரண்டாம் மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்திவிடுவதே பெரும் பிழை. எஞ்சிய கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதனவாக மாறக்கூடும். ஆகாரச் செலவுக்கு 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய அரசாங்க உதவி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதனை நோயாளியின் ஆகாரத்திற்கன்றி வேறெதற்கும் செலவிடுதல் தகாது.

கோழையில் இரத்தம் கண்டாலும், மூச்சுத் திணறினாலும் இரண்டு வாரம் காத்திருத்தல் கூடாது. குழந்தை உறங்கும்போது ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணுக. இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60-ம், ஒரு வயது வரை 50-ம், ஐந்து வயது வரை 40-ம் எட்டினாலோ, மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பாகம் உட்குழிந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

சோதனைக்குக் கோழை கொடுக்கச் செல்வோர் வெறும் உமிழ்நீரைக் கொடுத்துத் திரும்பிவிடுகின்றனர், அது பயன்படாது. விடியற்காலையில் வாயைக் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வரும் கோழையையே ஆஸ்பத்திரியில் தரும் டப்பாவில் சேர்த்து, மூடி இறுக்கி, அன்றே ஒப்படைக்கவேண்டும்.