சட்டம் படிக்கப் போகிறவருக்கு யார் கடிதம் கொடுப்பது?

நமது கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை பார்க்கும் இளைஞர்களில் சிலருக்குச் சட்டம் படிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. காலையில் கடை திறந்தால் இரவில் ஷட்டர் இறக்கும்வரை வேலை. இரவில் கண் விழித்துப் படித்துத் தகைமையும் தேடிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும்போது ஓரிடத்தில் தடக்கி நிற்கிறார்கள். "உங்களை நன்கறிந்தவரின் சிபாரிசுக் கடிதம்" என்று கேட்கப்படும் இடம் அது.

இலங்கைச் சட்டக் கல்லூரிக்குப் போகிறவர் நுழைவுப் பரீட்சையில் தேற வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டப்படிப்புக்கும் தெரிவுப் பரீட்சை உண்டு. அங்கே பரீட்சைப் புள்ளிகள்தான் பேசும். ஆகவே சிபாரிசுக் கடிதம் என்ற விடயம் நம்மில் பலருக்குப் புதிது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அப்படியல்ல. அந்தக் கடிதத்தை எழுத வேண்டியவர் பெரும்பாலும் வியாபாரியாகிய நீங்கள் என்பதால், இதை அறிந்து வைத்திருப்பது அவசியம்.

நற்சான்றிதழ் வேறு, சிபாரிசுக் கடிதம் வேறு

கடிதம் என்றவுடன் நமது ஆட்கள் ஓடுவது சமாதான நீதவானிடம். அடுத்தது கிராம உத்தியோகத்தர், அதற்கும் அடுத்தது அரசியல்வாதி. "இவரை எனக்குப் பத்து வருடங்களாகத் தெரியும், நற்குணமும் நல்லொழுக்கமும் உள்ளவர்" என்று நான்கு வரி எழுதி முத்திரை குத்தித் தருவார்கள். அது நற்சான்றிதழ். வங்கிக் கணக்குத் திறக்கவும் வேலைக்கு விண்ணப்பிக்கவும் அது உதவலாம். சட்டப் படிப்புக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிக்கு அதனால் பயனில்லை.

அவர் அறிய விரும்புவது இதுதான்: இந்த மனிதரால் கடினமான பாடத்தைத் தாங்க முடியுமா? வாசித்து விளங்குவாரா? தெளிவாக எழுதுவாரா? பொறுப்பைக் கொடுத்தால் முடிப்பாரா? பெரிய பதவியில் இருந்துகொண்டு விண்ணப்பதாரரை இரண்டு முறை மட்டும் கண்டவரின் கடிதத்தை விட, ஐந்து வருடங்கள் பக்கத்தில் இருந்து வேலை வாங்கியவரின் கடிதத்துக்குப் பெறுமதி கூட.

அங்கே கேட்பது என்ன?

பிரித்தானியாவில் எல்.எல்.பி. முதற்பட்டமாகும். உயர்தரம் முடித்தவர் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் யூகாஸ் என்ற பொது அமைப்பினூடாகச் செல்லும். ஒரு விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகள் வரை குறிப்பிடலாம். அந்த ஐந்துக்கும் போவது ஒரே ஒரு சிபாரிசுதான். பாடசாலையை விட்டுப் பல வருடங்கள் ஆனவருக்கு அதை அவரது முதலாளி எழுதலாம். குடும்பத்தினர், நண்பர்கள், வாழ்க்கைத் துணை ஆகியோர் எழுதக் கூடாது என்பது யூகாஸின் விதி.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஜே.டி. என்ற சட்டப் படிப்புக்கு ஏற்கெனவே ஒரு பட்டம் இருக்க வேண்டும். சட்டக் கல்லூரி அனுமதிப் பேரவை என்ற அமைப்பு, சுருக்கமாக எல்.எஸ்.ஏ.சி., கடிதங்களை ஒன்றுசேர்த்துக் கல்லூரிகளுக்கு அனுப்புகிறது. எத்தனை கடிதம் என்பதைக் கல்லூரி தீர்மானிக்கும். இரண்டு கேட்பது வழக்கம். விரிவுரையாளரின் கடிதத்தையே பெரிதும் விரும்புவார்கள். ஆனால் பட்டம் பெற்றுப் பல வருடங்கள் வேலை செய்தவரிடமிருந்து மேலதிகாரியின் கடிதத்தையும் ஏற்பார்கள்.

அமெரிக்க முறையில் விண்ணப்பதாரர் கடிதத்தைத் தன் கையில் வாங்கி அனுப்புவதில்லை. எழுதுபவரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தால், எல்.எஸ்.ஏ.சி. அவரோடு நேரடியாகத் தொடர்பு கொள்ளும். எழுதியவரே அதை அனுப்புவார். 1974ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அமெரிக்க மாணவருக்குத் தன் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை உண்டு. கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக விண்ணப்பதாரர் குறிப்பிடலாம். அப்படி விட்டுக்கொடுத்த கடிதத்தையே கல்லூரிகள் கூடுதலாக நம்புகின்றன. எழுதியவர் முகத்துக்கு அஞ்சாமல் எழுதியிருப்பார் என்பது காரணம்.

நமக்குள்ள விசேட சிக்கல்

நமது வியாபாரங்களில் பெரும்பாலானவை குடும்ப வியாபாரங்கள். வாப்பாவின் கடையில் மகன், மாமாவின் கடையில் மருமகன், காக்காவின் கடையில் தம்பி. ஆறு வருடங்கள் உழைத்திருப்பார். ஆனால் அந்த உழைப்பைக் கண்ட ஒரேயொரு மேலதிகாரி அவரது சொந்த மாமாதான். அவர் எழுதினால் பிரித்தானியாவில் விதி இடம் கொடுக்காது. அமெரிக்காவிலும் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. கடைக்கு வெளியே அந்த இளைஞரின் வேலையைக் கண்டவர்கள் யார் என்று பாருங்கள். வருடா வருடம் கணக்குப் பார்க்கும் கணக்காய்வாளர், பொருள் தரும் கம்பனியின் பிராந்திய முகாமையாளர், கடன் கோவையைக் கையாண்ட வங்கி அதிகாரி, காணி உறுதிக்கும் ஒப்பந்தத்துக்கும் நீங்கள் போகும் சட்டத்தரணி, வர்த்தக சங்கத்தில் அவரோடு வேலை செய்த செயலாளர் ஆகியோர் அவருக்கு உறவினர் அல்லர். அவரது எழுத்தையும் பேச்சையும் கணக்கையும் கண்டவர்கள்.

ஆனால் மாமாவே எல்லாக் கூட்டத்துக்கும் போய், மருமகனைக் கல்லாப்பெட்டியிலேயே உட்கார வைத்திருந்தால் வெளியில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. கணக்காய்வாளருக்கு விளக்கம் கொடுக்க அவரை அனுப்புங்கள். கம்பனிக்குக் கடிதம் எழுதுவதை அவரிடம் விடுங்கள். ஒரு வருடத்தில் அவருக்குச் சாட்சிகள் உருவாகிவிடுவார்கள். அவர் படிக்கப் போகாவிட்டாலும் வியாபாரத்துக்கு அது இலாபமே.

விரிவுரையாளரின் கடிதத்துக்கு என்ன செய்வது?

பட்டம் பெற்று ஐந்தாறு வருடங்கள் கடந்திருந்தால், நூற்றுக்கணக்கான மாணவரைக் கண்ட விரிவுரையாளருக்கு உங்களை ஞாபகம் இருப்பது கடினம். வெறுங்கையோடு போய்க் கேட்காதீர்கள். எந்த வருடம், எந்தப் பாடம், என்ன பெறுபேறு என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அவரிடம் சமர்ப்பித்த பழைய கட்டுரை ஒன்று இருந்தால் அதன் பிரதி, பெறுபேற்றுப் பத்திரத்தின் பிரதி, இப்போது செய்யும் வேலையின் விபரம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். கடிதத்துக்கு வேண்டிய சரக்கு அவர் கையில் இருக்க வேண்டும்.

அவர் ஓய்வு பெற்றோ வெளிநாடு சென்றோ இருந்தால் இன்னொரு வழி உண்டு. சனி, ஞாயிறுகளில் நடக்கும் கணக்கியல், வணிகச் சட்டம், ஆங்கிலம் போன்ற பாடநெறி ஒன்றில் சேருங்கள். பின்வரிசையில் ஒளிந்திருக்காமல் கேள்வி கேளுங்கள். ஒப்படைகளை நேரத்துக்குக் கொடுங்கள். ஆறு மாதத்தில், "முழுநேரம் வேலை செய்துகொண்டும் ஒரு வகுப்பையும் தவறவிடாதவர்" என்று எழுதக்கூடிய ஆசிரியர் ஒருவர் கிடைப்பார்.

முதலாளி என்ன எழுதுவது?

"எனக்குச் சட்டம் தெரியாதே, நான் என்ன எழுதுவது?" என்று சில முதலாளிமார் பின்வாங்குகிறார்கள். சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை. நீங்கள் கண்ணால் கண்டதை எழுதினால் போதும். ஓர் உதாரணம் பாருங்கள். முதலாவது கடிதம் இப்படி இருக்கிறது:

"இவர் மிகவும் நேர்மையானவர், கடின உழைப்பாளி, அனைவரோடும் அன்பாகப் பழகுபவர்."

இரண்டாவது கடிதம் இப்படி:

"இவர் எமது மொத்த வியாபாரத்தில் நான்கு வருடங்களாகக் கடன் கணக்குகளைப் பார்க்கிறார். சில்லறைக் கடைக்காரர் ஒருவரின் காசோலை திரும்பி வந்தபோது, நான் கோபத்தில் பொருள் கொடுப்பதை நிறுத்தச் சொன்னேன். இவர் பழைய பற்றுச்சீட்டுகளைப் புரட்டிப் பார்த்து, எமது பக்கத்திலும் ஒரு கணக்குப் பிழை இருப்பதைக் காட்டினார். இரு தரப்பையும் கேட்டு, தவணை முறையில் பணம் செலுத்தும் உடன்பாட்டை எழுத்தில் தயாரித்தார். பணம் முழுமையாக வந்தது. வாடிக்கையாளரும் எம்மை விட்டுப் போகவில்லை."

முதற் கடிதத்தை எவருக்கும் கொடுக்கலாம். இரண்டாவது ஒருவருக்கே பொருந்தும். ஆவணத்தைத் தேடுவது, இரு பக்கத்தையும் கேட்பது, முதலாளியின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்வது, உடன்பாட்டை எழுத்தில் போடுவது என்று ஒரு சட்டத்தரணிக்கு வேண்டியவை அதில் இருக்கின்றன. "சட்டம்" என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.

கடிதத்தில் வேறு சில விடயங்களும் இருக்க வேண்டும். எத்தனை வருடம், எந்தப் பொறுப்பில், யாருக்குக் கீழ் வேலை செய்தார்? உங்களிடம் அதே வேலையைச் செய்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எந்த இடத்தில் நிற்கிறார்? நம்பி ஒப்படைத்தது எது? இவற்றை ஒன்றரைப் பக்கத்துக்குள் நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், கையொப்பத்தோடும் தொலைபேசி இலக்கத்தோடும் எழுதுங்கள். மின்னஞ்சல் முகவரியும் நிறுவனத்தினுடையதாக இருப்பது நல்லது.

எழுதுவது உங்கள் பதிவேடுகளோடு ஒத்துப்போக வேண்டும். கடிதத்தில் ஆறு வருடம் என்று இருக்கும். ஊழியர் சேமலாப நிதிக் கணக்கிலோ இரண்டு வருடத்துக்குத்தான் பணம் கட்டப்பட்டிருக்கும். விசா விண்ணப்பத்தின்போது யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால் சங்கடப்படுவது அந்தப் பிள்ளைதான். முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் முதல் மாதத்திலிருந்தே ஒழுங்காகச் செலுத்தப்பட்டிருந்தால் உங்கள் கடிதத்துக்கு அதுவே அத்தாட்சி.

"நீயே எழுதிக்கொண்டு வா"

நம் மத்தியில் மிகப் பரவலான வழக்கம் இது. "நேரமில்லை, நீயே எழுதிக்கொண்டு வா, கையொப்பம் வைத்துத் தருகிறேன்" என்பார்கள். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் அடுத்தவர் பெயரில் தன்னைத் தானே புகழ்ந்து எழுதுவது பொய்ச் சாட்சி. எல்.எஸ்.ஏ.சி. விண்ணப்பங்களில் நடக்கும் மோசடிகளை விசாரிக்கிறது. முடிவு கல்லூரிகளுக்கு அறிவிக்கப்படும். அமெரிக்காவில் படிப்பை முடித்துச் சட்டத்தரணியாகப் பதிவு பெறும்போதும் ஒருவரின் நடத்தை ஆராயப்படும். கல்லூரிக்குக் கொடுத்த விண்ணப்பமும் அதில் பார்க்கப்படலாம். வருடக்கணக்கான படிப்பையும் செலவையும் ஒரு கடிதம் வீணாக்கிவிடக் கூடும்.

ஆங்கிலம் சிரமமானால், தமிழில் சொல்லுங்கள். விண்ணப்பதாரர் அல்லாத ஒருவர், உங்கள் கணக்காளரோ ஆங்கில ஆசிரியரோ, அதை மொழிபெயர்க்கட்டும். மொழிபெயர்த்தவர் யார் என்பதை அடியில் குறிப்பிடுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பின் கையொப்பமிடுங்கள். விண்ணப்பதாரர் தான் செய்த வேலைகளின் பட்டியலைத் தரலாம், அதில் தவறில்லை. கடிதம் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

மனதார நல்லதாக எழுத முடியாவிட்டால் மறுத்துவிடுங்கள். "என்னை விட உன்னை நன்றாகத் தெரிந்தவரிடம் கேள்" என்று சொல்வதில் அவமானம் இல்லை. அரைமனதோடு எழுதிய கடிதம் அவருக்குக் கெடுதலையே செய்யும்.

போகப் போகிறார் என்று தெரிந்தால்?

வேலை செய்பவருக்குள்ள பெரிய பயம் இதுதான். கடிதம் கேட்டால் முதலாளிக்கு விடயம் தெரிந்துவிடும். பொறுப்பைப் பறிப்பார், சம்பள உயர்வை நிறுத்துவார், சில வேளை வேலையே போய்விடும். அந்தப் பயம் நியாயமானது. அப்படியான இடத்தில் இருப்பவர் முன்னைய முதலாளி, வேலையை விட்டுச் சென்ற மேலதிகாரி, நீண்டகால வாடிக்கையாளர் போன்றோரை முதலில் நாடலாம்.

முதலாளிமார் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். விண்ணப்பத்திலிருந்து படிப்பு ஆரம்பிக்கும் வரை ஏறத்தாழ ஒரு வருடம் செல்லும். வெளிப்படையாகச் சொல்லிக் கடிதம் கேட்பவர், அந்த ஒரு வருடத்தை உங்களுக்குத் தருகிறார். அதற்குள் வேறொருவரைப் பழக்கலாம். நீங்கள் முகத்தைச் சுளித்தால் அடுத்தவர் கேட்க மாட்டார். ஒரு மாத அறிவித்தலோடு சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போவார். இரண்டில் எது நட்டம் என்று சொல்லத் தேவையில்லை.

எப்போது கேட்பது?

அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை செப்டெம்பர் அளவில் விண்ணப்பங்களைத் திறக்கின்றன. பலவற்றில் முந்தி வந்தவர்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டே போவார்கள். யூகாஸ் விண்ணப்பத்தின் பிரதான இறுதித் திகதி ஜனவரி மாதத்தில் வரும். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒக்டோபரிலேயே முடிந்துவிடும். அந்தந்த வருடத்தின் திகதியையும் விதியையும் நிறுவனத்தின் அறிவித்தலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். கடிதம் எழுதுபவருக்கு ஆறு வாரமாவது கொடுக்க வேண்டும். கணக்காய்வாளரிடம் நவம்பரில் போகாதீர்கள். வருமான வரித் திரட்டின் இறுதித் திகதி நவம்பர் 30. அந்த மாதத்தில் அவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. புடவைக் கடை முதலாளியிடம் பெருநாள் வியாபாரத்தின்போது கேட்காதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், கடையில் கூட்டம் குறைந்த ஒரு நாளில் நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். விண்ணப்பிக்கும் இடம், இறுதித் திகதி, செய்த வேலைகளின் பட்டியல் மூன்றையும் ஒரே உறையில் வைத்துக் கொடுங்கள். மூன்று வாரத்தில் ஒருமுறை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். முடிவு எதுவானாலும் எழுதியவருக்கு அறிவித்து நன்றி சொல்லுங்கள்.

இந்த வருடம் விண்ணப்பிக்காதவரும் இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. ஒரு கொப்பியை எடுத்து, வேலையில் தீர்த்த பிரச்சினை, எழுதிய கடிதம், பொறுப்பேற்ற விடயம் ஆகியவற்றைத் திகதியோடு குறித்து வாருங்கள். அதை யார் கண்டார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். வருட முடிவில் அந்தக் கடைசி நிரலில் யாருடைய பெயர் அடிக்கடி வருகிறதோ, அவரிடம் போய்க் கடிதம் கேளுங்கள்.