உணர்ச்சியும் மனநோயும்

மக்கள் உள்ளத்தெழும் அழுகை, அச்சம், வெகுளி, உவகை முதலியவற்றைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுள் எட்டாக வகுத்து, அவை தோன்றுதற்குரிய காரணங்களையும் உடன் கூறினார். ஆதலின் தேர்வில் தவறியவர் அழுதலும், பரிசு பெற்றவர் துள்ளுதலும் இயல்பேயன்றி நோயாகா. இக்காலத்து மாணாக்கர் சிலர், காலையிற் சிரித்து மாலையிற் சினந்தாலே தமக்குப் ‘பைபோலார்’ என்று விளையாட்டாய்ச் சொல்லிக்கொள்ளக் கேட்கின்றோம். அச்சொல் அத்துணை எளியதன்று.

இருமுனை மனநோய் எனப்படும் அதன்கண் எழுச்சி, தாழ்ச்சி என இரு நிலைகள் உள. எழுச்சி ஒரு வாரமேனும், கடுமை குறைந்ததாயின் 4 நாளேனும், தாழ்ச்சி 2 வாரமேனும், நாளின் பெரும்பகுதியும் நீடித்தல் மருத்துவர் கொள்ளும் அளவு. காரணம் உண்டா என்று மட்டும் நோக்குதல் போதாது. ஓர் இழவோ, பல இரவு கண்விழித்தலோ இந்நோயைத் தூண்டுதலும் உண்டு. காரணம் அகன்ற பின்னும் தணியாது, உறக்கத்தையும் தொழிலையும் நிலைகுலைத்தலே அறிகுறி.

உறக்கத்தையே காண்போம். அழகர் வைகையில் இறங்கும் காட்சிக்காகச் சமயநல்லூரினின்று மதுரைக்கு வருவோர் இரவெல்லாம் விழித்திருப்பர். வீடு திரும்பித் திண்ணையில் தலைசாய்த்தால் மாலைவரை எழார். எழுச்சியுற்றவரோ இரண்டு மூன்று மணி நேரமே உறங்கியும் களைப்பின்றிப் பல நாள் திரிவர். பேச்சு விரையும், எண்ணம் ஒன்றைவிட்டு ஒன்றிற்குத் தாவும், கையிற் பணம் நில்லாது, தம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்பர், தடுத்தாற் சீறுவர். ஊரார் இதனைச் செருக்கென்பர். தாழ்ச்சியிலோ குளித்தலும் உண்டலுங்கூடச் சுமையாகும். அதனைச் சோம்பல் என்பர். அந்நிலையில் உயிர்விடும் எண்ணம் வாய்விட்டுச் சொல்லப்படின், வெறும் பேச்சென்று விடாது அன்றே மருத்துவரை நாடல் வேண்டும்.

2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்நோயுற்றோருள் 100க்கு ஏறக்குறைய 70 பேர் சிகிச்சை பெற்றிலர். நாணமும் அறியாமையும் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு ஏர்வாடி சான்று; 2001 ஆகஸ்டு 6இல் அங்கே சங்கிலியாற் பிணிக்கப்பட்ட மனநோயாளர் 28 பேர் தீக்கிரையாயினர். மனநோயாளரைச் சங்கிலியால் பிணித்தலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கிற்று.

மருந்தில்லாத நோயுமன்று இது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் வெளியிட்ட லித்தியம் இன்றும் பயன்படுகின்றது. இரத்தப் பரிசோதனையோடு உட்கொள்ளற்பாலது. குணமாயிற்றென்று தாமே நிறுத்தலாகாது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உளது. 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

ஒன்றை விரித்துரைத்தல் வேண்டும். நோயுற்றவர் பெரும்பாலும் தாழ்ச்சியிலேதான் மருத்துவரிடம் செல்வர். எழுச்சி நாட்களைத் தம் நல்ல நாட்களென்றே எண்ணுதலின், அவற்றைக் கூறார். மருத்துவர் அதனை வெறுஞ் சோர்வு நோயாகக் கொண்டு அதற்குரிய மருந்தை மட்டும் தரின், சிலர்க்கு அதுவே எழுச்சியைக் கிளப்பிவிடும். ஆகவே உடன் செல்லும் தாயோ, விடுதியில் ஓரறையில் வாழும் நண்பரோ, அவர் உறங்காதிருந்த அந்நாட்களை மருத்துவருக்கு எடுத்துக் கூறுக.