கேட்பவர் கொடுக்கவும் வேண்டும்



பெரியகல்லாற்றில் நீங்கள் ஒரு பாடசாலை அதிபராக இருக்கலாம். வைத்தியசாலையில் தாதியருக்குப் பொறுப்பாக இருக்கலாம். கந்தோரில் பத்துப் பேரை நடத்துபவராகவும் இருக்கலாம். “சொன்னபடி ஒருவரும் செய்கிறார்களில்லை” என்ற மனக்குறை உங்களுக்கும் உண்டல்லவா? அதற்குப் பரிகாரம் தேடுமுன், நம் நாட்டில் பணிபுரிந்த ஒருவரை நினைவுகூர்வோம்.

வைத்தியர் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிசனரி 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நம் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். கிராமத்துப் பிள்ளைகள்தானே என்று பாடத்தைக் குறைத்தாரில்லை. உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிரசவ வைத்தியம் யாவும் அவர்கள் கற்றுத் தேறவேண்டும் என்றார்.

ஆங்கிலத்தில் படித்தவர்களிற் பலர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. ஆகவே 1860-களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஆனால் தமிழில் நூல்கள் எங்கே? இல்லாத நூலைப் படிக்கவில்லை என்று மாணவரைக் கடிந்துகொள்வது நீதியாகுமா?

கிறீன் தாமே தமிழ் கற்றார். கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். தம்மிடம் பயின்றவர்களையே மொழிபெயர்ப்பிற் பங்காளிகளாக்கினார். ‘பிரசவ வைத்தியம்’ 1857-லும், ‘இரண வைத்தியம்’ 1867-லும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-லும் வெளிவந்தன. 1873-ல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை அவர் விடவில்லை. 1884-ல் மறைந்தார். அவரிடம் வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

இதிலிருந்து நாம் கற்பதென்ன?

முதலாவது: தரத்தைக் குறைப்பது இரக்கமன்று. “இவனால் இவ்வளவுதான் முடியும்” என்று தீர்ப்பிடுவது அவனை அவமதிப்பதே.

இரண்டாவது: கருவி கொடாமல் பலன் கேட்பது கொடுமை. பதிவேடு ஒழுங்காக இல்லை என்று புதிய தாதியைக் கண்டிக்குமுன், அதை எழுதும் விதத்தை அருகிலிருந்து காட்டினீர்களா? எழுத நேரம் கொடுத்தீர்களா?

மூன்றாவது: உடன் உழைப்போரைப் பங்காளிகளாக்குங்கள். தமக்கும் உரியதென்று கருதும் வேலையை எவரும் அரைமனதோடு செய்வதில்லை.

இவ்வாரம் ஒருவரைக் கண்டிக்க நீங்கள் வாய் திறக்கும்போது, ஒரு கணம் நின்று உங்களையே கேளுங்கள்: “நான் கேட்டது சரி, கொடுத்தது என்ன?” விடை கிடைக்காவிட்டால், கண்டிப்பை நாளைக்கு வையுங்கள். இன்று அவர் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு அமருங்கள்.