கன்று வாங்குமுன் கோடையை யோசியுங்கள்

தெருவில் ஒரு காலி இடத்தைப் பார்த்து, "இங்கே நாலு பழமரம் வைக்கலாமே" என்று கிளம்பும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சென்னைப் புறநகரை மனதில் வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் மண்ணுக்கும் மழைக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. இடம் யாருடையது என்று முதலில் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் விதி. உங்கள் நகரில் 'பார்க் இடம்' என்று முள் மண்டிக் கிடப்பது பெரும்பாலும் அதுதான். குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில் மனுக் கொடுத்து, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி நட்டால், அதிகாரி மாறியபின் காய்க்கிற மரத்தின் மேலேயே மழைநீர்க் கால்வாய் வரும். நீர்நிலைப் புறம்போக்கின் பக்கமே போகாதீர்கள்.

2. நடுகிற நாளில் கூட்டம் தானாகச் சேரும். படம் எடுப்பார்கள், இனிப்புக் கொடுப்பார்கள். கன்று பிழைப்பது அடுத்த சித்திரை, வைகாசியில்தான் முடிவாகும். ஊரில் பாதிப் பேர் விடுமுறைக்குப் போயிருக்கும் அந்த மாதங்களில் யார் குடம் தூக்குவார்கள்? முதல் இரண்டு கோடைக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பதைத்தான் நான் திட்டம் என்பேன். குழாய் எந்த வீட்டிலிருந்து வரும், மோட்டார் கரண்டுக்கு யார் பணம் கட்டுவது, எந்த வாரம் எந்த வீட்டு முறை என்று தாளில் எழுதுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் காய்ந்த இலை, தேங்காய் மட்டையால் கனமாக மூடாக்குப் போட்டால் ஊற்றிய நீர் சீக்கிரம் ஆவியாகாது. தெருவில் குவித்து எரிக்கும் சருகு அத்தனையும் இங்கே வரட்டும்.

3. மரத்துக்கு ஒரு குடும்பம் என்று பெயர்ப்பலகை மாட்டாதீர்கள். பலர் இதை நல்ல யோசனை என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குடும்பம் வீடு மாறினால் மரம் காய்கிறது, மாறாவிட்டால் "எங்கள் மாம்பழம்" என்ற பேச்சு வருகிறது. தண்ணீர் முறை எல்லா வீட்டுக்கும் சுழலட்டும். வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். நம் தெருக்களில் பல வீடுகளில் அவர்கள்தான் இருக்கிறார்கள்.

4. ஓர் ஆள் இடுப்பளவு குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, மறுநாள் காலையில் பாருங்கள். நீர் அப்படியே நின்றால் களிமண். அங்கே மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். நீர் தேங்கினால் பப்பாளி மிகச் சீக்கிரம் அழுகும், பலாவும் தாங்காது. குழியில் சிமெண்டும் செங்கல் துண்டும் வந்தால், கட்டடக் கழிவு கொட்டி நிரப்பிய இடம். அதை அள்ளி நல்ல மண் மாற்றாவிட்டால் கொய்யாவும் எலுமிச்சையும் மஞ்சள் பூத்தே நிற்கும்.

5. ஆசையை அடக்குங்கள். மாமரத்துக்கு வழக்கமான இடைவெளி 10 மீட்டர். 40க்கு 60 அடி கிரவுண்டில் இரண்டு மரம் நிற்கும், அவ்வளவுதான். சிறிய இடமென்றால் ஒரு மா, மற்றதெல்லாம் கொய்யா, சீத்தா, எலுமிச்சை, நெல்லி. இவற்றுக்கு 5, 6 மீட்டர் போதும். நெல்லியில் இரண்டு வெவ்வேறு ரகத்தை அருகருகே வையுங்கள், தனியாக நிற்கும் மரம் சரியாகக் காய்ப்பதில்லை. நடு இடைவெளியில் வாழையும் பப்பாளியும் போடுங்கள். ஒரு வருஷத்துக்குள் கைக்கு வரும் அந்த முதல் பழம்தான் ஜனங்களைத் தோட்டத்தோடு கட்டிப்போடும். நாட்டுப் பப்பாளியில் ஆண் தனி, பெண் தனி என்பதால் குழிக்கு மூன்று நான்கு நாற்று வைத்து, பூ வந்தபின் ஆணைக் கழியுங்கள். மகரந்தத்துக்கு ஒன்றிரண்டு ஆண் போதும். தென்னை குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். மின்கம்பிக்குக் கீழே எதுவுமே வேண்டாம்.

6. மா, சப்போட்டாவுக்கு ஒட்டுக்கன்று, கொய்யாவுக்குப் பதியன். தோட்டக்கலைத் துறையின் பண்ணைகளில் விசாரியுங்கள், மாதவரத்திலும் ஒன்று உண்டு. உயரமான கன்றைப் பார்த்து மயங்க வேண்டாம். பைக்குள் வேர் சுருண்டிருந்தால், வளர்ந்தபின் காற்றுக்குச் சாயும். குழியைக் கோடையிலேயே வெட்டி ஆறவிட்டு, மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் கலந்து மூடி, ஆடி ஆவணி மழையில் நடுங்கள். ஒட்டுக்கட்டு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிடுங்கள். மாங்கன்றில் முதல் மூன்று வருஷப் பூவையும் கிள்ளுங்கள், மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள்.

7. கவாத்து. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. உங்கள் மரங்கள் அப்படிச் சாயாமலிருக்க, ஐப்பசி மழைக்கு முன்பே உயரத்தையும் அடர்த்தியையும் குறையுங்கள். ஏணி இல்லாமல் பறிக்கும் உயரம்தான் பொதுத் தோட்டத்துக்கு ஏற்றது.

8. கொய்யாவுக்கும் மாவுக்கும் பழ ஈ வரும். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். அதிலுள்ள புழுதான் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வெளியே வருகிறது. பிள்ளைகள் பறித்த கையோடு கடிக்கும் மரத்தில் நச்சு மருந்து தெளிக்கவே கூடாது.

9. பழத்தைப் பங்கிடும் விதியை மரம் பூப்பதற்கு முன்பே பேசி முடியுங்கள். பூத்தபின் பேசினால் சண்டைதான். நான் சொல்வது இது: கொய்யா, நெல்லி, சீத்தா யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், தெருவில் போகிற பள்ளிப் பிள்ளைகளும் சேர்த்து. மாங்காய் மட்டும் முற்றியபின் ஒரே நாளில் இறக்கி வீட்டுக்கு வீடு. அந்தப் பங்கில் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளருக்கும் காவலாளிக்கும் கட்டாயம் இடம் உண்டு. ஏலம் விடாதீர்கள். பணம் உள்ளே வந்தால் பூட்டும் வரும், பொது இடத்தைப் பூட்ட நமக்கு உரிமையில்லை. கிளிக்கும் அணிலுக்கும் கொஞ்சம் போகத்தான் செய்யும், போகட்டும்.

10. வைகாசிக்குள் தண்ணீர் முறைத் தாளில் பத்து வீட்டுக் கையெழுத்தாவது விழுந்துவிட்டால் ஆடியில் கன்று வாங்குங்கள். விழவில்லையென்றால் இந்த வருஷம் நட வேண்டாம். அடுத்த ஆடிவரை வீடு வீடாகப் போய் ஆள் சேருங்கள்.