பானெட்டை நம்பாதே, மாப்பிள்ளை

போளூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. திருவண்ணாமலை வேட்டவலம் சாலைப் பட்டறைக்குப் பழைய 1035 டிராக்டர் வந்திருப்பதாகவும், கரும்பு வெட்டு தொடங்குமுன் ஓடும்படி சரிசெய்து தர ஒப்புக்கொண்டதாகவும் உன் அம்மா சொன்னாள். நல்லது. ஆனால் கையில் அளவு இல்லாமல் சாமான் வாங்கக் கிளம்பாதே.

பானெட்டில் உள்ள பெயரை மட்டும் பார்த்துவிட்டு, கடையில் போய் "மாஸ்ஸிக்கு பிஸ்டன் குடுங்க" என்று மொட்டையாகக் கேட்காதே. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனிதான் அந்த டிராக்டரைக் கட்டியது, எஞ்சின் சிம்சனுடையது. சிம்சன், இங்கிலாந்து பெர்கின்ஸ் உரிமத்தில் எஞ்சின் செய்த கம்பெனி. அதனால் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் துடைத்துப் படித்து நோட்டில் எழுது. இத்தனை வருஷம் ஓடிய வண்டியில் எஞ்சினையே யாராவது மாற்றியிருக்கலாம். பெர்கின்ஸ் மூன்று சிலிண்டரில் 144, 152 என இரண்டு உண்டு. அது கன அங்குலக் கணக்கு. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 127 மி.மீ. போர் மட்டும் 144க்கு 88.9, 152க்கு 91.44. லைனரில் ரிங் உரசாத இடத்தில் அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

கிராங்க் பேரிங் செல்லைக் கழற்றினால் அதன் முதுகைப் பார். 010, 020 என்று இருந்தால், கிராங்க் முன்பே அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பத்து, இருபது என்று கிரைண்டிங் ஆகியிருக்கிறது. அதற்கு ஸ்டாண்டர்டு செல் போட்டால் ஆயில் பிரஷர் நிற்காது.

பால் பேரிங்குக்குக் கம்பெனி டப்பாதான் வேண்டும் என்று அலையாதே. 6206 என்று பொறித்திருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கு. உள்விட்டம் 30 மி.மீ. எந்த பேரிங் கடையிலும் அந்த நம்பர் கிடைக்கும். வார்ப்பின் மேல் புடைத்து நிற்கும் எண்ணைப் பார்ட் நம்பர் என்று நினைத்துவிடாதே. ஒரே வார்ப்பை வேறு வேறு விதமாகக் கடைந்திருப்பார்கள்.

மரை விஷயத்தில் பொறுமை வேண்டும். பழைய வண்டியில் அங்குல மரைதான் அதிகம். 5/16 போல்ட்டு 7.94 மி.மீ.; எட்டு மில்லி ஓட்டையில் இரண்டு மூன்று சுற்று ஏறி இறுகும். அங்கே பலம் காட்டினால் மரை போய்விடும். கழற்றி, மரை கேஜ் வைத்துப் பார்.

கிடைக்காத சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. பழசைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்கு. ஆனால் பிரேக், ஸ்டியரிங் சாமான் மட்டும் புதிதாகவே போடு; அந்த வண்டி கரும்பு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ரோட்டில் போகப்போகிறது. பௌர்ணமிக்கு முன்பே சாமானை வாங்கி வந்துவிடு. கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நுழைவது பெரும் பாடு.

கழற்றிய பழைய சாமானை எல்லாம் சாக்கில் கட்டி வண்டிக்காரரிடமே கொடு. எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று காட்டிவிட்டுக் கூலியைச் சொல். அப்படிச் செய்கிற பட்டறைக்கு ஆள் தேடி வருவார்கள்.

இப்படிக்கு,
உன் மாமா