198 வாட்டும் பதினான்கு வளைவுகளும்

மூன்று ஆண்டுகளாக என் இடது ஷூவின் கயிற்றில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பத்து கிராம்கூட எடை இல்லை. ஓடும்போது நொடிக்கு நொடி நான் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறேன் என்று வாட் கணக்கில் கைக்கடிகாரத்துக்குச் சொல்லிக்கொண்டே வரும். ஞாயிறு காலை லாங் ரன் முடித்து பெசன்ட் நகரில் இளநீர் குடித்துக்கொண்டு நிற்கும்போது யாராவது என் காலைப் பார்த்துவிட்டு, "அண்ணா, அது வாங்கலாமா?" என்று கேட்பார்கள். இரண்டு வரியில் என்னால் பதில் சொல்ல முடிந்ததே இல்லை. அந்தக் கருவி எனக்கு ஒரு மாரத்தானைக் கெடுத்தது. ஒரு மலையை ஏறக் கற்றுக்கொடுத்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

முதலில் அது எதை அளக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். சைக்கிள்காரர்களின் பவர் மீட்டர் வேறு சாதி. ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் 1986-இல் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் கருவியிலிருந்து இன்றுவரை, பெடல் மிதிக்கும்போது உலோகம் எவ்வளவு வளைகிறது என்பதை அது நேரடியாக அளக்கிறது. அங்கே வாட் என்பது அளவு. ஓட்டத்தில் அப்படி அளக்க எந்த உலோகமும் இல்லை. காலின் அசைவு, முடுக்கம், காற்றழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் ஏற்ற இறக்கம், நாம் பதிந்து வைத்த உடல் எடை, இவற்றைக் கொண்டு கருவி போடும் கணக்குதான் வாட். தரையில் அடி விழும்போது குதிகால் தசைநாண் வில்போல இழுபட்டு, அடுத்த அடிக்குக் கொஞ்சம் சக்தியைத் திருப்பிக் கொடுப்பதெல்லாம் அந்தக் கணக்கில் தனியாகத் தெரியாது.

அதனால்தான் ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. என் ஷூவில் இருக்கும் ஸ்ட்ரைட் பாட் 200 என்று சொல்லும் வேகத்தில் என் நண்பரின் கார்மின் கடிகாரம் 260-ஐ ஒட்டிக் காட்டும். இரண்டும் தத்தம் கணக்கில் சரி. 2022 முதல் ஆப்பிள் வாட்ச்சிலும் ஓட்டத்துக்கான வாட் வருகிறது. எதை வைத்துத் தொடங்குகிறீர்களோ அதையே தொடருங்கள். நடுவில் மாற்றினால் பழைய எண்களை மறந்துவிட வேண்டியதுதான்.

கருவி வந்த வாரமே சோதனை ஓட்டம் ஓடினேன். 400 மீட்டர் டிராக்கில் 3 நிமிடம் முழு மூச்சாக ஓட்டம், அரை மணி நேரம் மெதுவோட்டமும் நடையும், பிறகு 9 நிமிடம் முழு மூச்சாக ஓட்டம். எனக்கு 3 நிமிடச் சராசரி 290 வாட், 9 நிமிடச் சராசரி 252. ஒன்பது நிமிடத்தில் செய்த வேலையிலிருந்து மூன்று நிமிட வேலையைக் கழித்து மீதி ஆறு நிமிடத்தால் வகுத்தால் 233 வாட் வருகிறது. இதைக் கிரிட்டிக்கல் பவர் என்கிறார்கள். 1965-இல் பிரான்ஸின் மோனோ, ஷெரர் என்ற இருவர் தசைகளின் உழைப்பை அளந்து முன்வைத்த கருத்து இது. இந்த எல்லைக்குக் கீழே இருந்தால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம். மேலே போனால் ஒரு சிறு சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறோம். என் சேமிப்பு, அதே கணக்கின்படி, சுமார் 10,000 ஜூல். தீர்ந்தால் தீர்ந்ததுதான், வேகத்தைக் குறைத்தால்தான் மறுபடி நிரம்பும்.

இனி அந்த மாரத்தான். சென்னையில் ஜனவரி மாதம், இருட்டோடு கிளம்பும் ஓட்டம். 233-இல் 85 சதவீதம் 198. அதைப் பிடித்தால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 விநாடியை ஒட்டி வரும். நான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம். கடிகாரத்தில் அந்த ஓர் எண்ணைத் தவிர எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். 197, 199, 198. அவ்வளவு சீராக நான் ஓடியதே இல்லை. 25 கிலோமீட்டர் வரை நெஞ்சு நிறையப் பெருமை. விடிந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. வியர்வை வழிந்ததே தவிர உலரவில்லை. 28-இல் தண்ணீர் எடுத்த இடத்தில் கால் கனத்தது. எண் 198-ஆகத்தான் இருந்தது. அதை விடாமல் பிடித்தேன். 34-இல் நடந்தேன். முடித்தபோது 4 மணி 23 நிமிடம்.

எங்களோடு ஓடும் ஓர் அண்ணன் இருக்கிறார், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று. கடிகாரமே கட்டமாட்டார். ஓட்டம் முடிந்து நிழலில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "தம்பி, முப்பதாவது கிலோமீட்டர்ல உன் பக்கத்துல வந்து பேச்சு கொடுத்தேன். நீ பதிலே சொல்லல. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவர் வந்தது எனக்கு நினைவே இல்லை. அன்று இரவு கடிகாரத்தின் பதிவைத் திறந்து பார்த்தேன். 10-ஆவது கிலோமீட்டரில் 198 வாட்டுக்கு இதயத்துடிப்பு 152. 28-ஆவது கிலோமீட்டரில் அதே 198-க்கு 171. வெளியே தெரிந்த வேலை ஒன்றுதான். உள்ளே உடம்பு கொடுத்த விலை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. புழுக்கத்தில் உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும். வியர்வையில் நீர் போகப்போக ரத்தத்தின் அளவும் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. ஷூக் கயிற்றில் உட்கார்ந்திருக்கும் கருவிக்கு இதில் எதுவும் தெரியாது. உண்மையில் அன்று என் கிரிட்டிக்கல் பவரே 233-ஆக இருந்திருக்காது. வெயிலில் அந்த எல்லையே இறங்கிவிடுகிறது. நான் இறங்காத எண்ணில் சதவீதம் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

சென்னையில் ஓடுபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: தரை சமம். என் எடை 65 கிலோ. விநாடிக்கு 3 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 33 விநாடி வேகத்தில், காற்றில்லாத சமதரையில் ஓடினால் என் பாட் எப்போதும் 200-ஐ ஒட்டியே காட்டும். வேகத்தை எடையால் பெருக்கினால் ஏறக்குறைய அந்த எண் வந்துவிடும். ஆக, மெரினாவிலிருந்து நேராகத் தெற்கே ஓடும் ஒருவருக்கு வாட் புதிதாக எதையும் சொல்வதில்லை. வேகத்தையே வேறு பெயரில் சொல்கிறது. கடற்காற்று எதிர்த்து அடிக்கும் நாட்களில், காற்றையும் உணரும் வகைக் கருவியாக இருந்தால், கொஞ்சம் பயன் உண்டு. மணலில் அதுவும் இல்லை. எலியட்ஸ் கடற்கரையின் மணலில் மூச்சு வாங்க ஓடிய அன்றெல்லாம் எனக்குச் சாலையைவிடக் குறைந்த வாட்டே காட்டியது. கால் புதைந்து வீணாகும் உழைப்பு அதன் கணக்கில் ஏறுவதில்லை.

கோடையில் இன்னொரு தொந்தரவு வரும், அது மனத்தைப் பாதிப்பது. பிப்ரவரியில் 145 துடிப்புக்கு 180 வாட் வந்த எனக்கு மே மாதத்தில் அதே துடிப்புக்கு 165 வந்தது. உடம்பு போய்விட்டதென்று கலங்கி, விட்டதைப் பிடிக்க இன்னும் அழுத்தி ஓடி, ஜூனில் கெண்டைக்காலில் பிடிப்போடு மூன்று வாரம் உட்கார்ந்தேன். அக்டோபர் மழை வந்ததும் 180 தானாகத் திரும்பியது. இப்போது ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சென்னையில் வாட்டைத் திரையில் வைப்பதே இல்லை. துடிப்பும் மூச்சும் போதும். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது மெதுவோட்டம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, ஏலகிரிக்கு மட்டும் அந்தக் கருவி இல்லாமல் நான் போவதில்லை.

ஜோலார்பேட்டையில் ரயிலிறங்கி, பொன்னேரி அடிவாரத்திலிருந்து வண்டிகள் கிளம்புவதற்கு முன் ஏறத் தொடங்கிவிட வேண்டும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள் சூட்டியிருக்கிறார்கள். கருவி வருவதற்கு முன் நான்கு முறை அங்கே ஏறியிருக்கிறேன், நான்கு முறையும் ஒரே கதை. அதிகாலைக் குளிர், ஓய்வெடுத்த கால், முதல் வளைவு வரை கிலோமீட்டருக்கு ஆறு நிமிட வேகம். சுலபமாகவே இருக்கும். பிறகு எங்கிருந்தோ ஒரு கை வந்து பின்னால் இழுப்பதுபோல் நின்றுவிடுவேன். மிச்ச வளைவுகளை நடந்தும் ஓடியும் முடிப்பேன். தொடையில் வலு இல்லை என்று நினைத்து ஆறு மாதம் ஜிம்முக்குப் போனேன்.

பாட்டோடு ஏறிய முதல் நாள் வேண்டுமென்றே பழையபடி ஓடிப் பார்த்தேன். 6 சதவீத ஏற்றத்தில் ஆறு நிமிட வேகம் 257 வாட் காட்டியது. என் எல்லை 233. ஒவ்வொரு நொடியும் 24 ஜூல் சேமிப்பிலிருந்து போகிறது. 10,000-ஐ 24-ஆல் வகுத்தால் ஏழு நிமிடம். ஏறக்குறைய அந்த ஏழாவது நிமிடத்தில்தான் ஒவ்வொரு முறையும் நின்றிருக்கிறேன். தொடையில் எந்தக் குறையும் இல்லை. மூச்சும் துடிப்பும் ஏறுவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். அதற்குள் நான் செலவை ஆரம்பித்துவிடுகிறேன், உடம்பு எச்சரிக்கும்போது பாதி காலி. வாட் மட்டும்தான் அந்த முதல் நிமிடத்திலேயே சொல்கிறது.

அடுத்த மாதம் 215-ஐத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்து ஏறினேன். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் ஆனது. முதல் மூன்று வளைவுகளில் அது ஓட்டமாகவே தோன்றவில்லை; என்னோடு வந்தவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். மனத்தைக் கட்டிப்போடுவதுதான் பெரும்பாடு. வளைவின் உள்விளிம்பில் சாலை செங்குத்தாகும் இடங்களில் எண் சட்டென்று 240-க்குத் தாவும். அங்கே அடியைச் சுருக்கி, கிட்டத்தட்ட நடந்து, மறுபடி 215. எட்டாவது வளைவில் முதல் ஆளைப் பிடித்தேன். பதினோராவதில் இன்னொருவர். பதினான்கையும் நிற்காமல் ஓடி மேலே போய்ச் சேர்ந்த அன்று தேநீர்க் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து கண் கலங்கினேன். ஏழு வருட ஓட்டத்தில் அந்த அளவு சந்தோஷத்தை எந்தப் பதக்கமும் தந்ததில்லை.

இறக்கத்தில் கதை தலைகீழ். வாட் 140-க்குப் போய்விடும். சும்மா ஓடுகிறோமே என்று தோன்றும். எண்ணை 200-க்குக் கொண்டுவர முயன்றால் சறுக்கிக்கொண்டு பாய வேண்டியிருக்கும். ஒருமுறை அப்படிச் செய்து, மூன்று நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. 2002-இல் இத்தாலிய ஆய்வாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டியின் குழு, ஓடுபவர்களைப் பல சரிவுகளில் ஓடவிட்டு அளந்தபோது, 20 சதவீத இறக்கத்தை ஒட்டித்தான் ஓட்டத்துக்கு மிகக் குறைந்த சக்தி செலவாவதைக் கண்டது. சக்தி குறைவு, சரி. ஆனால் தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுவதால் வரும் சேதம் வேறு. அதற்கு வாட்டில் இடமில்லை. இறங்கும்போது கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம்.

ஊட்டி, கோத்தகிரி பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2,000 மீட்டர் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. கீழே எடுத்த எண் அங்கே செல்லாது. முதல் இரண்டு நாள் பத்து வாட் குறைத்துத் தொடங்குகிறேன், மூச்சு பழகிய பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

சில்லறை விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு நொடி மாறும் எண்ணைப் பார்த்தால் தலை சுற்றும். 10 விநாடிச் சராசரியை வையுங்கள், பந்தயத்தில் லேப் சராசரி. பாட்டை எப்போதும் ஒரே காலில், கயிற்றின் ஒரே இடத்தில், ஆடாமல் மாட்டுங்கள். தளர்ந்திருந்தால் எண் கன்னாபின்னாவென்று வரும். உடல் எடையை ஒருமுறை சரியாகப் பதிந்துவிட்டு, அரைக் கிலோ கூடியது குறைந்தது என்று தினமும் மாற்றாதீர்கள். டிரெட்மில்லின் சாய்வை ஏற்றினால் கருவிக்கு அது தெரியாது, ஏனென்றால் நாம் உயரவே இல்லை, காற்றழுத்தமும் மாறவில்லை. மெட்ரோ பாலத்தின் கீழும் அடர்ந்த மரங்களின் கீழும் ஜி.பி.எஸ். வேகம் தாறுமாறாகும்போது பாட் காட்டும் வேகம் நம்பும்படி இருக்கும். நகரத்தில் அதனால் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான். ஒரு நிமிடம், இரண்டு நிமிட வேக ஓட்டங்களுக்கும் நல்லது. துடிப்பு ஏறி முடிப்பதற்குள் சுற்றே முடிந்துவிடுகிறதே.

அடுத்த ஜனவரியில் அதே மாரத்தானை ஓடினேன். அந்த முறை வாட்டை உச்சவரம்பாக மட்டும் வைத்தேன். முதல் 10 கிலோமீட்டர், எல்லோரும் பாய்ந்து போகும்போது, 192-ஐத் தாண்டவில்லை. விடிந்த பிறகு திரையை மாற்றித் துடிப்பைப் பார்த்தேன்; 160-ஐத் தொட்டால் வாட் எவ்வளவு இறங்கினாலும் இறங்கட்டும் என்று விட்டேன். கடைசியில் 180-க்கு வந்துவிட்டது. 4 மணி 6 நிமிடம், ஓர் அடிகூட நடக்கவில்லை. முப்பதாவது கிலோமீட்டரில் அண்ணன் மறுபடி பக்கத்தில் வந்தார். முட்டுவலி எப்படி இருக்கிறது என்று நானே முதலில் கேட்டேன்.

போன ஞாயிறு இளநீர்க் கடையில் கேட்ட தம்பிக்கு இருபத்தாறு வயது. முதல் வேலை, இரண்டு மாதச் சேமிப்பைப் போட்டு வாங்க நினைக்கிறான். எங்கே ஓடுகிறாய் என்று கேட்டேன். தினமும் கடற்கரைச் சாலைதான், ஆனால் செப்டம்பரில் நண்பர்களோடு ஏலகிரிக்குப் போகிறானாம். குனிந்து என் பாட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன்.

"அதுவரைக்கும் நீயே வச்சுக்க. மலைக்குப் போய் ஓடிப் பாத்துட்டு அப்புறம் வாங்கலாமான்னு சொல்லு. முதல்ல எடையை மாத்திப் போடு, அதுல இன்னும் என் 65 கிலோதான் இருக்கு."