சுகாதார அலுவலராகப் பொறுப்பேற்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் நகராட்சியில் ஐ.எஸ்.ஓ. 14001 முறைப்படி சுற்றுச்சூழல் மேலாண்மையை நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு உன்னிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். 1996-இல் முதன்முதலாக வெளியாகி, 2004-இலும் 2015-இலும் திருத்தம் பெற்ற அந்த நியமம், இவ்வளவு புகை, இவ்வளவு கழிவு என்று எந்த அளவையும் தானாக விதிப்பதில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, தன் காரியங்களால் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் விளையும் தீங்கு யாதென்று ஸ்தாபனமே கண்டறிந்து, அதைக் குறைக்க இலக்கு வைத்து, செய்ததைச் சோதித்து, தவறியதைத் திருத்திக்கொண்டே போக வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஆகையால், சுவரில் மாட்டும் சான்றிதழைவிடக் குறையை உள்ளபடி எழுதிவைக்கும் பதிவேடே இதில் பிரதானம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நுண் உரக்கூடத்துக்கு ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பார். காய்கறிக் கழிவோடு பாலித்தீன் பையும் கலந்து வந்திருக்கும். தொட்டியில் ஈரம் மிகுந்து, கிளறிவிட ஆளின்றிக் காற்றுப் புகாமல் கிடந்தால் துர்நாற்றம் எழும். அடியில் ஊறும் கறுத்த கசிவுநீர் மழைநீர் வாய்க்காலில் போய் விழும். மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று வாசலிலேயே மூன்றாகப் பிரித்து வாங்க வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வகுத்தன. எந்தத் தெருவில் அது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்பது, தள்ளுவண்டியோடு நாள்தோறும் அங்கே போய்வரும் தூய்மைப் பணியாளருக்குத் தெரிந்த அளவு ஆலோசகர் எவருக்கும் தெரியாது. அந்த அம்மாளை உட்காரவைத்துக் கேள். அவர் சொன்னதை மெருகேற்றாமல், எடைக் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுது. இலக்கு எட்டியதாகக் காட்டுவதற்காக எடையை ஒப்பேற்றி எழுதும் வழக்கம் எங்கேனும் தலைகாட்டினால், தயவு தாட்சண்யம் பாராமல் அன்றே நிறுத்து.

அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள், நீயும் போவாய். 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க காரியங்களில் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் சேர்த்திருப்பதால், இந்தக் கொள்கை உன் மேஜையிலிருந்து கிளம்பும் சுற்றறிக்கையாக நின்றுவிடாமல், நகர்மன்றத் தீர்மானமாகி, வரவுசெலவுத் திட்டத்தில் தனி இனமாகவும் இடம்பெற முயற்சி செய். உள்தணிக்கைக்குச் சுகாதாரப் பிரிவைச் சேராத ஒருவரையே அமர்த்து. அவர் எழுதும் முதற்குறை உன் பிரிவின் மேலேயே இருந்தாலும், அதில் கையெழுத்திட்டு மன்றத்தின் முன் நீயே வை.

உன் நலம் நாடும்,
ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளன்